கோப்பைத் தண்ணீரின் நிறம்

கிளினிக் நாளன்று வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பல வீடுகளில் அடுப்பு பிந்தித்தான் பற்றும். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு களுபோவிலவுக்கு வெள்ளெனவே போய்ச் சேர வேண்டும். அரச ஏடுகளில் அது கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை. ஊர்வாயில் களுபோவில ஆஸ்பத்திரி. வரிசையில் காத்திருப்பவர்கள் மெட்ஃபோமின் மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள், பாவற்காய்ச் சாற்றைப் பற்றிப் பேசுவார்கள், வெந்தயத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு ஒரு கட்டத்தில் மரக்கோப்பைக்கு வந்து நிற்கும்.

கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் தடித்த தண்டையோ வேரையோ குடைந்து செய்த கோப்பை அது. இரவில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் விடியும்போது தண்ணீர் செம்பழுப்பாக நிறம் மாறியிருக்கும். அதைக் குடித்தால் சீனி வருத்தம் கட்டுக்குள் நிற்கும் என்பது இலங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பரவிய நம்பிக்கை. கண்டி வீதியோர வாசனைத் தோட்டங்களிலும் ஆயுர்வேத மருந்துக் கடைகளிலும் இந்தக் கோப்பைகளை வாங்கலாம். வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் நல்லாய் நிறம் மாறுமா?

நம்பிக்கைக்குத் தேவை குறையாத நாடு இது. 2005, 2006 ஆண்டுகளில் நாடளாவிய அளவில் நடந்த ஆய்வொன்று, 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நீரிழிவின் வாசலில் நிற்பவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கோப்பை இருக்கிறது என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்களின் வரலாறு கொழும்பு, பேராதனை, கியோட்டோ, கனடா என்று நாற்பது ஆண்டுகளாக நீள்கிறது.

கொடியின் தாவரவியல் பெயர் சலாசியா ரெட்டிகுலாட்டா. பேரினத்துக்கு அந்தப் பெயரை இட்டவர் லின்னேயஸ். சலாசியா, உரோமர்களின் கடல் தெய்வமான நெப்டியூனின் மனைவி. இனத்தை விவரித்தவர் ரொபர்ட் வைட். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த இந்த ஸ்கொட்லாந்துக்காரர், ரங்கையா, கோவிந்து என்ற உள்ளூர் ஓவியர்களை வைத்துத் தென்னிந்தியத் தாவரங்களை வரைந்து அச்சிட்டவர். சித்த மருத்துவர்கள் இந்தக் கொடியையும் இதன் உறவுக் கொடிகளையும் கடலழிஞ்சில் என்கிறார்கள். கடலம்மையின் பெயரை லின்னேயஸ் வைத்ததும் தமிழ்ப் பெயரில் கடல் இருப்பதும் தற்செயல்தான். கொடி வளர்வது காட்டில். தென்னிந்தியாவில் சலாசியா இனங்களுக்கு வழங்கும் இன்னொரு பெயர் பொன்குறண்டி. வேர்ப்பட்டையின் பொன்னிறத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் காரணம் சொல்லத் தேவையில்லை.

கோப்பையும் தனியாக வந்த வழக்கமல்ல. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வேங்கை மரத்தில் கடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பார்கள், அதுவும் நீரிழிவுக்கே. வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முறையாகச் சோதித்தது. 1998இல் வெளியான முடிவின்படி, வேங்கைச் சாறு எடுத்துக்கொண்ட 97 நோயாளிகளில் 67 பேருக்கு இரத்தச் சர்க்கரை கட்டுப்பட்டது. மரம் வேறு, கொடி வேறு, குடும்பம் வேறு. ஆனால் முறை ஒன்று. மருந்தை இடிக்காமல், கொதிக்கவைக்காமல், பாத்திரத்தையே மருந்தாக்கி, தண்ணீரைத் தானாக வேலை செய்ய விடுவது. தண்ணீர் என்ற இந்தச் சின்ன விவரம்தான் பின்னால் வேதியியலாளர்களுக்குத் திறவுகோலானது.

சுதேச வைத்தியத்தைச் சோதனைக் குழாய்க்குள் கொண்டுவரும் எண்ணம் கொழும்பில் படிப்படியாக வளர்ந்தது. 1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 1955இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் வந்தது, அங்கே ஆர். ஓ. பி. விஜேசேகரவும் சகாக்களும் கறுவாவின் இலை, பட்டை, வேர் ஆகிய மூன்றிலிருந்தும் வடிக்கும் எண்ணெய்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1961இல் ஆயுர்வேதச் சட்டம். அடுத்த ஆண்டே மகரகமவுக்கு அருகே நாவின்னவில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவகம். களுபோவிலவிலிருந்து சில மைல் தூரம்தான்.

ஆனால் கொத்தல ஹிம்புட்டுவின் கதையில் முதல் திருப்பம் கின்சி வீதியில் நிகழ்ந்தது. கொழும்பு மருத்துவ பீடத்தின் உயிர்இரசாயனவியலாளர் எரிக் கருணாநாயக்கவும் சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் ஒரு நேரான கேள்வியைக் கையிலெடுத்தார்கள். சீனியைக் குறைக்கும் என்று நாட்டில் பேர்பெற்ற தாவரங்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றில் எது உண்மையிலேயே குறைக்கிறது? அவர்கள் செய்தது வைத்தியர் செய்வதைப்போன்றதே: தண்ணீரில் கஷாயம் காய்ச்சினார்கள். குடிக்கக் கொடுத்ததுதான் எலிகளுக்கு. 1984இல் வெளியான அந்த ஆய்வில், நன்றாக வேலை செய்தவற்றின் வரிசையில் கொத்தல ஹிம்புட்டுவும் வில்வமும் இருந்தன.

அதே குழுவின் கை பாவற்காயிலும் பட்டது. 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவு சமையலறைகளுக்கே உரியது. பாவற்காய்ச் சாறு குடித்த நீரிழிவு நோயாளிகளில் 73 சதவீதத்தினருக்குச் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் கூடியது. மீதி 27 சதவீதத்தினரிடம் மாற்றமே இல்லை. ‘எனக்குக் கேட்டது, உனக்குக் கேட்காது’ என்று கிளினிக் வரிசையில் நடக்கும் வாதத்துக்கு இரு தரப்புக்கும் ஆதாரம் கொடுத்த ஆய்வு அது.

கஷாயம் வேலை செய்கிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, அதில் எது? 1985இல் கருணாநாயக்கவும் சிறிமான்னவும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். கொத்தல ஹிம்புட்டு வேர்ப்பட்டையிலிருந்து மாங்கிஃபெரின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்ததாகச் சொன்னது அக்குறிப்பு. பெயரே சொல்வதுபோல மாமரத்திலும் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் இது. சாந்தோன் என்ற வகையைச் சேர்ந்தது. சாந்தோன்கள் இலங்கை வேதியியலாளர்களுக்குப் பழகிய சொந்தக்காரர்கள். பேராதனையில் எம். யு. எஸ். சுல்தான்பாவா கோரக்காய்க் குடும்ப மரங்களிலிருந்து வரிசை வரிசையாகச் சாந்தோன்களைப் பிரித்து உலகப் பெயர் பெற்றவர். வெப்பமண்டலத் தாவரச் சாந்தோன்கள் குறித்து 1980இல் அவர் எழுதிய பெருங்கட்டுரையைத் துறையில் உள்ளவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பேராதனையும் கொத்தல ஹிம்புட்டுவை விட்டுவைக்கவில்லை. விஜய குமாரும் அவருடைய சகாக்களும் 1985இல் இந்தக் கொடியின் ஒரு வகையிலிருந்து புதிய ட்ரைடெர்பீன் ஒன்றை அறிவித்தார்கள். பின்னர் தனபாலசிங்கம், லெஸ்லி குணதிலக, வேரஞ்ச கருணாரத்ன ஆகியோர் ஜப்பானியச் சகாக்களோடு சேர்ந்து இன்னும் பல ட்ரைடெர்பீன்களையும், குயினோன்மெதைட் எனப்படும் செம்மஞ்சள் நிறச் சேர்மங்களையும் கண்டறிந்தார்கள். குயினோன்மெதைட்டுகள் நுண்ணுயிர்களைத் தாக்கக்கூடியவை; ஆய்வு என்ற அளவில் நல்ல அறுவடை. ஆனால் சீனியைக் குறைக்கும் பொருள் அந்த வலையில் சிக்கவில்லை.

ஏன் சிக்கவில்லை என்பதற்கு ஒரு சமையலறை விளக்கம் உண்டு. மிளகாயின் நிறத்தையும் உறைப்பையும் தாளிக்கும் எண்ணெய் இழுக்கும். புளியின் புளிப்பைத் தண்ணீர்தான் இழுக்கும். தாவர வேதியியலாளரும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறார். பட்டையைப் பொடியாக்கி, எண்ணெய்த்தன்மையை விரும்பும் கரைப்பானில் ஊறவைத்தால் ட்ரைடெர்பீன்கள் இறங்கும். அவை பளிங்குகளாக உறையும், கட்டமைப்பைக் கண்டறிவதும் ஓரளவு வசதி. தண்ணீரில் இறங்குவது வேறொரு கூட்டம்: சர்க்கரைகள், உப்புகள், தனின்கள் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் பிசுபிசுத்த கலவை. அதில் கைவைப்பது அந்தக் காலத்துத் தாவர வேதியியலில் பலருக்கும் விருப்பமான வேலையாக இருக்கவில்லை.

கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் மசாயுக்கி யோஷிகாவாவின் குழு அந்தப் பிசுபிசுப்பில்தான் கையை வைத்தது. அவர்கள் பின்பற்றிய வழி, ஒவ்வொரு கட்டத்திலும் நொதியைக் கேட்பது. சாற்றை இரண்டாகப் பிரிப்பது. எந்தப் பாதி குடல் நொதியை மடக்குகிறது என்று பார்ப்பது. அந்தப் பாதியை மறுபடி பிரிப்பது. நொதியின் பதிலைப் பிடித்துக்கொண்டே போனால் கரைப்பானின் வசதி வழியை மாற்றாது. பாதை அவர்களை நீரில் கரையும் பகுதிக்குள் கொண்டுபோய்விட்டது. 1997இல் சலாசினோல் என்ற சேர்மத்தை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அதன் அண்ணன் ஒன்று அகப்பட்டது. அதற்கு வைத்த பெயர் கொத்தலனோல்.

இலங்கைச் சிங்களப் பேச்சுச் சொல் ஒன்று அப்படித்தான் உலக வேதியியல் அகராதிக்குள் நுழைந்தது.

பெயரைவிட விசித்திரமானது அதன் உடம்பு. சர்க்கரை வளையத்தில் வழக்கமாக ஒட்சிசன் இருக்கும் இடத்தில் இங்கே கந்தகம். அந்தக் கந்தகம் நேர்மின்னேற்றத்தைச் சுமக்கிறது. அதனோடு இணைந்த பக்கச் சங்கிலியில் சல்பேற்றுக் கூட்டம் ஒன்று எதிர்மின்னேற்றத்தோடு தொங்குகிறது. கறியுப்பில் இரண்டு மின்னேற்றங்களும் இரண்டு அயன்களில் இருக்கும்; இதில் ஒரே மூலக்கூறுக்குள் இரண்டும் இருக்கின்றன. தனக்குள்ளேயே உப்பாக இருக்கும் இப்படிப்பட்ட சர்க்கரையை அதுவரை எந்தத் தாவரத்திலும் எவரும் கண்டதில்லை. இவ்வளவு மின்னேற்றம் உள்ள பொருள் தண்ணீரைத் தேடித்தான் ஓடும். மரக்கோப்பைக்காரர்கள் ஏன் எண்ணெயில் காய்ச்சாமல் தண்ணீரில் ஊறவைத்தார்கள் என்பதற்கு, அவர்களுக்கே தெரியாமல் இருந்த காரணம் இது.

அது குடலில் செய்யும் வேலையும் தெளிவாகிவிட்டது. ஒருவர் இடியப்பமோ சோறோ சாப்பிட்டால் மாச்சத்து வாயிலிருந்தே உடையத் தொடங்கி, சிறுகுடலின் சுவரில் இருக்கும் அல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகளின் கத்தரிக்கு வரும். அவை கடைசித் துண்டுகளை வெட்டிக் குளுக்கோசாக்கி இரத்தத்துக்குள் அனுப்பும். சலாசினோல் அந்தக் கத்தரியின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டப்படும் கணத்தில் சர்க்கரை எடுக்கும் உருவத்தைப்போல அதன் உருவம் இருப்பதால் நொதி ஏமாறுகிறது. குளுக்கோஸ் ஒரேயடியாக இரத்தத்தில் ஏறாமல் மெல்ல மெல்ல ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கும் அகார்போஸ் மாத்திரையும் இதையேதான் செய்கிறது. மண் பக்டீரியாவொன்றிலிருந்து எடுக்கப்பட்ட அது 1990இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. உடையாமல் மிஞ்சும் மாச்சத்தைப் பெருங்குடல் பக்டீரியாக்கள் தின்னுவதால் வயிறு ஊதும், வாயு பிரியும். இந்தத் தொல்லையும் இரண்டுக்கும் பொது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விடயமும் வருகிறது. கத்தரியை மடக்கும் பொருள், வெட்டுவதற்கு மாச்சத்து வரும் நேரத்தில் அங்கே இருந்தால்தான் பயன். விடியப்புறம் கோப்பைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பத்து மணிவரை எதுவும் சாப்பிடாமல் இருப்பவருக்கு அந்த வழியில் கிடைப்பது கொஞ்சமே. சீனியை நேரடியாகக் குளுக்கோசாகவே குடிப்பவருக்கும் அப்படித்தான்.

மூலக்கூறு கிடைத்தாயிற்று, அதை ஆய்வுக்கூடத்தில் கட்டி எழுப்ப முடியுமா என்ற போட்டி தொடங்கியது. 2000, 2001 ஆண்டுகளில் ஜப்பானிலும் கனடாவிலும் சலாசினோலைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். கனடாவில் அதைச் செய்தவர் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் மரியோ பின்டோ, இலங்கையில் பிறந்தவர். பின்னாளில் கனடாவின் இயற்கை விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். கொத்தலனோல் இன்னும் முரடு. அதன் நீண்ட பக்கச் சங்கிலியில் ஒவ்வொரு கூட்டமும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது கண்டுபிடித்தபோது தெரியவில்லை. பதினொரு ஆண்டு கழித்து, 2009இல், ஜெயகாந்தன், மோகன், பின்டோ மூவரும் அதை முழுமையாகக் கட்டிக்காட்டி அந்தக் கேள்வியை முடித்துவைத்தார்கள். சிங்களப் பெயர் கொண்ட மூலக்கூறின் இறுதி முடிச்சை அவிழ்த்த கட்டுரையில் இரண்டு தமிழ்ப் பெயர்கள்.

இலங்கையில் மருத்துவர்கள் வேறொரு கேள்வியோடு இருந்தார்கள்: மனிதருக்கு இது போதுமான அளவு உதவுமா? ஜயவர்தன, டி அல்விஸ், ஹெட்டிகொட, பெர்னாண்டோ ஆகியோரின் ஆய்வு 2005இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 51 பேர். ஒரு காலகட்டத்தில் கொத்தல ஹிம்புட்டு கலந்த தேநீர், இன்னொரு காலகட்டத்தில் அதேபோன்ற சாதாரணத் தேநீர். எது எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் எச்பிஏ1சி அளவு கொத்தல ஹிம்புட்டுக் காலத்தில் குறைவாக இருந்தது. மாத்திரையின் தேவையும் குறைந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீரை மட்டும் குடிக்கலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர் அதைக் கிளினிக்கில் சொல்லாமல் விட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து உண்டு என்பதையும் அதே முடிவிலிருந்துதான் டொக்டர்கள் எடுக்கிறார்கள்.

சந்தை டொக்டர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஜப்பானில் சலாசியா மாத்திரைகளும் தேநீரும் உணவுச் சத்துப் பொருள்களின் தட்டில் இடம்பிடித்தன. ஒரு காலத்தில் கொழும்பு ஸ்டூடியோக்களில் ஃபிலிம் சுருளாக அறியப்பட்ட ஃபியூஜிஃபிலிம் நிறுவனமும் அவற்றை விற்கிறது. ஃபிலிம் வியாபாரம் சுருங்கியபோது அது கால்வைத்த புதிய துறைகளில் இதுவும் ஒன்று. சலாசினோல் தொடர்பான காப்புரிமைகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பதிவாயின.

இங்கே வேம்பு, மஞ்சள் வழக்குகள் பலருக்கும் ஞாபகம் வரும். மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை 1997இல் இரத்தானது. வேப்ப எண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கான ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் விழுந்தது. மேன்முறையீடும் 2005இல் தோற்றது. இரண்டிலும் ஆயுதம் ஒன்றுதான்: ‘இது எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்ததே’ என்று எழுத்தில் நிறுவுவது. கொத்தல ஹிம்புட்டு விடயத்தில் அந்த ஆயுதம் பாதி தூரம்தான் பாயும். கோப்பைத் தண்ணீர் சீனிக்கு நல்லது என்பது பாட்டிமாருக்குத் தெரியும். கந்தகம் சுமக்கும் அந்த உள்ளுப்பை அவர்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. பழக்கம் பொதுச்சொத்து, மூலக்கூறு கண்டுபிடிப்பு என்று காப்புரிமைச் சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கையில் இலங்கை 1994இல் இணைந்தது. வளத்துக்குரிய நாட்டுக்கும் பங்கு வேண்டும் என்று சொல்லும் நாகோயா நெறிமுறை 2010இல்தான் வந்தது. சலாசினோலுக்கு அப்போது ஏறத்தாழப் பதின்மூன்று வயது.

இவ்வளவுக்கும் நடுவே கொடியின் பாடு தனி. கொத்தல ஹிம்புட்டு மெல்ல வளரும் காட்டுக் கொடி. கோப்பை கடையும் அளவுக்குத் தண்டு தடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். இலையைப் பறித்து விற்கும் மூலிகையிலும் வேரை வெட்டி விற்கும் மூலிகையிலும் கணக்கு ஒன்றல்ல.

கியோட்டோக் குழு தேடலை நிறுத்தவில்லை. கொடியின் உறவினமான சலாசியா பிரினொய்டசிலிருந்து 2008இல் இன்னும் இரண்டைப் பிரித்தது. ஒன்றுக்கு வைத்த பெயர் பொன்கொரனோல். பொன்குறண்டி என்ற தென்னிந்தியப் பெயர் அதில் ஒலிக்கிறது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இப்போது ஒவ்வொரு தொகுதிச் சாற்றிலும் சலாசினோல் எத்தனை மில்லிகிராம் என்று கருவிகள் அளந்த பிறகே மாத்திரை பெட்டிக்குள் போகிறது.

வெள்ளவத்தை வீட்டு மேசையில் அளவுகோல் வேறு. கோப்பை புதிதாக இருக்கும்போது தண்ணீர் கடுஞ்சிவப்பாக இறங்கும். மாதங்கள் போகப் போக வெளிறும். நிறம் போனால் சாரமும் போய்விட்டது என்று சொல்லிப் புதுக்கோப்பை வாங்குவார்கள். நிறத்தைக் கொடுப்பவை தனின்களும் அவற்றோடு சேர்ந்த பொலிஃபீனோல்களும்தான். யோஷிகாவாவின் குடுவையில் உறைந்த சலாசினோல் பளிங்குகளுக்கு நிறமே இல்லை.